முற்றத்துச் சுழி

சங்கரன்கோவில்
18.11.2024

ஜெனிபாவுக்கு,

பிள்ளையார் சுழி போடாமல் தொடங்கியிருக்கிறேன் என்பதைக் கவனித்திருப்பாய். பள்ளிக்கூடத்தில் கணக்கு நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் நான் அதைப் போடுவேன். "ஏட்டி, பக்கத்துக்குப் பக்கம் உங்க சாமிக்கு வேலை வைக்கியே, அவரு எப்பத்தான் தூங்குவாரு?" என்று நீ கேலி செய்வாய். இப்போது தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாரிராஜ் போய் இன்றோடு இருபத்தேழு நாள். எடுத்த அன்றும் நீ வரவில்லை, பதினாறாம் நாள் காரியத்துக்கும் வரவில்லை. தூத்துக்குடியிலிருந்து இங்கே வர மூன்று மணி நேரம்கூட ஆகாது. போனில் கை கூப்புகிற படம் ஒன்று அனுப்பியிருந்தாய். அதைப் பார்த்துத்தான் உன் நம்பரை பிளாக் பண்ணினேன்.

போனில் பேசினால் நீ அழுவாய். நீ அழுதால் நான் சரி விடு என்று சொல்லிவிடுவேன். ஆறாம் வகுப்பிலிருந்து நமக்குள் இதுதான் நடக்கிறது. தாளில் நீ அழுதாலும் எனக்குக் கேட்காது. அதனால்தான் கடிதம்.

நடந்ததை உனக்கு யார் எப்படிச் சொன்னார்களோ தெரியாது. நான் சொல்கிறேன். அக்டோபர் 22, செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, உலைக்குப் பின்னால் புகைக்குழாய் அடைத்துக்கொண்டது என்று அவரை உள்ளே அனுப்பியிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து கூட வேலை பார்க்கிற இசக்கிராஜா தேடிப் போனபோது குப்புறக் கிடந்திருக்கிறார். பக்கத்தில் காலி பாட்டில் கிடந்தது என்கிறார் மேனேஜர். குடித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார், இருதயம் நின்றுவிட்டது, ஆலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அவர்களே எழுதிக்கொண்டும் வந்துவிட்டார்கள். பெற்ற பிள்ளையின் உடம்பை அறுக்கக் கொடுக்க மாட்டேன் என்று என் மாமனார் அதில் பெருவிரலை வைத்தார். பொழுது சாயுமுன் எரித்துவிட்டோம். இனி அவர் உடம்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழி கிடையாது.

மிச்சம் இருப்பது உன் தாள் ஒன்றுதான். பழைய டயரை உருக்கி எண்ணெய் எடுக்கிற அந்த ஆலையை, புகை தாங்காமல் ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்து இரண்டு மாதம் பூட்ட வைத்தார்கள். ஜூலையில் உன் ஆய்வகத்து வேலையாக நீ வந்து காற்றை அளந்தாய். எல்லாம் அளவுக்குள் இருக்கிறது என்று உன் கையெழுத்தோடு அறிக்கை வந்தது. ஆலையைத் திறந்தார்கள். அவர் வேலைக்குத் திரும்பினார்.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. நீ எழுதிக் கொடுத்த எண் உண்மையா? உண்மை என்றால் அங்கே விஷக் காற்று இல்லை. விஷக் காற்று இல்லை என்றால் என் புருஷன் குடித்துத்தான் செத்தார். கோமதி ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். அவளிடம் அவள் அப்பாவைப் பற்றி நான் என்ன சொல்ல வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும்.

கடிதத்தில் மட்டும் பதில் எழுது.

சண்முகசுந்தரி


தூத்துக்குடி
26.11.2024

அன்புள்ள சுந்தரிக்கு,

கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம். உன் கடிதம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. பதில் எழுதத் தொடங்கி மூன்று தாளைக் கிழித்தேன். இது நான்காவது.

அம்மாவும் நானும் தினமும் உங்கள் வீட்டுக்காக ஜெபிக்கிறோம். வராமல் போனதற்குக் காரணம் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும், ஆகவே சொல்லவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். நான் கொண்டுவந்த கருவியை நீயே பார்த்திருக்கிறாய், சின்னப் பெட்டி. உள்ளே ஒரு குழாய் இருக்கிறது. அதன் ஒரு முனையில் விளக்கு. அகச்சிவப்பு ஒளி, நம் கண்ணுக்குத் தெரியாது. மறுமுனையில் அந்த ஒளியை வாங்கிக்கொள்ள ஒரு கண். காற்றை உறிஞ்சி நடுவில் விடுவோம். அந்தக் காற்றில் கார்பன் மோனாக்சைடு இருந்தால், அது தனக்கென்று உள்ள ஒளியை விழுங்கிவிடும். மறுமுனைக்கு எவ்வளவு குறைவாக வந்து சேர்கிறதோ அதை வைத்து எவ்வளவு வாயு இருக்கிறது என்று கருவி கணக்குச் சொல்லும். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. மனிதனால் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் கருவி.

அன்று உலைக் கூடத்தில் கருவி காட்டியது பத்து லட்சம் பங்கு காற்றில் முப்பத்தொரு பங்கு. எட்டு மணி நேரம் வேலை செய்கிற இடத்தில் ஐம்பது வரை இருக்கலாம் என்பது விதி. அறிக்கையில் அதைத்தான் எழுதினேன். கருவி காட்டியதற்கு மேல் ஒரு எண்ணோ கீழே ஒரு எண்ணோ நான் எழுதவில்லை. இதை நீ நம்ப வேண்டும்.

ஆனால் அது ஜூலை 31 அன்று, ஒன்றரை மணி நேரம், அந்தக் கூடத்தில் இருந்த காற்று மட்டும்தான். அக்டோபரில் அடைத்துக்கொண்ட குழாய்க்குப் பின்னால் என்ன இருந்தது என்று என் அறிக்கை சொல்லாது. சொல்லவும் முடியாது. சோதனைக்கு ஆள் வருகிறார்கள் என்றால் உலையைப் பாதி அளவுக்குத்தான் எரிப்பார்கள் என்பதும் உனக்குத் தெரியாததல்ல.

கோமதியைக் கேட்டதாகச் சொல். மாமாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

ஒன்று கேட்கலாமா? கேட்கக் கூடாதுதான். அவரைக் கொண்டுவந்து கிடத்தியபோது முகம் எப்படி இருந்தது?

அன்புடன்
ஜெனிபா


சங்கரன்கோவில்
3.12.2024

ஜெனிபாவுக்கு,

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே, உன் கடிதம் அதுதான். ஜூலை மட்டும், ஒன்றரை மணி நேரம் மட்டும், கூடம் மட்டும் என்று நீ அடுக்கியதில் என் கேள்விக்குப் பதில் எங்கே இருக்கிறது? நான் கேட்டது ஆமாவா இல்லையா. பன்னிரண்டாம் வகுப்பு வரை உன் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள் நான். நீ ஒரு வாக்கியத்துக்கு மூன்று முட்டுக் கொடுத்தால் எங்கேயோ சுவர் சாய்கிறது என்று எனக்குத் தெரியும்.

சரி, என் பக்கத்தைச் சொல்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆலை திறந்து இரண்டாம் வாரத்திலிருந்தே அவர் சாயங்காலம் தள்ளாடிக்கொண்டுதான் வருவார். சைக்கிளைச் சாத்தப் போய் அதோடு விழுவார். வாந்தி எடுப்பார். "ஏட்டி, தலை பொளக்குது, எதுத்தாப்புல நிக்க நீ ரெண்டாத் தெரியுத" என்பார். கல்யாணமான புதிதில் குடித்துக்கொண்டிருந்தவர்தான். கோமதி பிறந்ததும் விட்டார். அதனால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. அவர் புகைதான் காரணம் என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் அறிக்கையைப் போனில் எடுத்துக் காட்டினேன். "ஜெனி எழுதிக் குடுத்துருக்கா, காத்து சுத்தம்னு. அவ பொய் சொல்லுவாளா? காத்து சுத்தம்னா உங்களுக்குத் தலை எதுக்குச் சுத்துது? குடிதான்" என்றேன். அவர் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஜெனிபாக்கா எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

செப்டம்பரில் கோமதியம்மன் சன்னிதிக்குக் கூட்டிப் போய், கையில் புற்றுமண்ணைக் கொடுத்து, குடிக்கவில்லை என்று சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தார். மறுநாள் சாயங்காலமும் தள்ளாடிக்கொண்டு வந்தார். அம்மன் முன்னாலேயே பொய் சொல்கிற ஆளோடு எனக்கு என்ன பேச்சு என்று, கடைசி ஒரு மாதம் அவரோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றைப் போட்டு வைப்பேன். அவரே எடுத்துச் சாப்பிடுவார்.

இப்போது தெரிகிறதா நான் என்ன கேட்கிறேன் என்று? அவர் குடித்திருந்தால், பொய்ச் சத்தியம் செய்த மனுஷன், என் கோபம் நியாயம். குடிக்கவில்லை என்றால் நான் செய்தது என்ன என்று நீயே பெயர் வை. இரண்டில் எது என்று தெரியாமல் என்னால் தறியில் ஒரு சேலையை ஒழுங்காக இறக்க முடியவில்லை. நூல் அறுந்து அறுந்து போகிறது.

முகத்தைக் கேட்டிருந்தாய். முகம் செக்கச் செவேல் என்று இருந்தது. கன்னம், உதடு, நகம்கூட. செத்த முகம் மாதிரியே இல்லை. "குடிச்ச ரத்தம், அதான் செவந்துருக்கு" என்று பக்கத்தில் நின்ற பெண்கள் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கேட்டது.

நீ ஏன் அதைக் கேட்டாய்?

சண்முகசுந்தரி


தூத்துக்குடி
11.12.2024

சுந்தரி,

அவர் குடிக்கவில்லை.

இதை முதல் வரியில் எழுத வேண்டும் என்று உன் கடிதம் வந்ததிலிருந்து நினைத்து இன்றுதான் எழுதினேன். அந்த வாயு ரத்தத்தில் ஏறினால் தள்ளாட்டம், வாந்தி, தலைவலி, பார்வை இரண்டாகத் தெரிவது எல்லாம் வரும். பார்க்கிறவர்களுக்குக் குடித்தவன் மாதிரியே இருக்கும். அதில் இறந்தவர்களின் தோல் சிவந்துபோகும். நீ எழுதிய கன்னமும் உதடும் நகமும் அதுதான். சாராயம் அப்படிச் சிவக்க வைக்காது. அந்த பாட்டிலை யார் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, அவர் வைக்கவில்லை.

அடுத்தது என் எண். கருவி காட்டியதைத்தான் எழுதினேன் என்று சொன்னேன். அது உண்மை. ஆனால் கருவியைத் தப்பாகக் காட்ட வைத்ததே நான்தான்.

அளப்பதற்கு முன் கருவிக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்: வாயுவே இல்லை என்றால் ஒளி இப்படித்தான் வந்து சேரும், இதைச் சுழி என்று வைத்துக்கொள் என்று. ஆபீசில் ஜீரோ போடுவது என்பார்கள். நம் கணக்கு டீச்சர் சொன்ன பழக்கத்தில் நான் சுழி வைப்பது என்பேன். காய்கறிக்காரர் தட்டை வைத்துவிட்டுத் தராசு முள்ளை நடுவுக்குக் கொண்டுவருவது போலத்தான். சுத்தமான நைட்ரஜனை உள்ளே விட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும். அன்று நான் கொண்டுவந்த நைட்ரஜன் சிலிண்டர் வால்வு ஒழுகி வழியிலேயே காலியாகிவிட்டது. திரும்பிப் போயிருக்க வேண்டும். இன்னொரு நாள் அலைய வேண்டுமே என்று சோம்பினேன். வெளிக்காற்றைக் கரி வடிகட்டி வழியாக விட்டு, அதையே சுழியாக வைத்தேன். கரி பலதைப் பிடிக்கும், இந்த வாயுவைப் பிடிக்காது. தெரிந்தே செய்தேன். திறந்தவெளிக் காற்றில் என்ன இருந்துவிடப் போகிறது என்ற எண்ணம்.

மறுநாள் ஆய்வகத்தில் புது சிலிண்டரை மாட்டி நைட்ரஜனை விட்டேன். திரையில் சுழி வரவில்லை. மைனஸ் முப்பத்தெட்டு வந்தது. ஒன்றுமே இல்லாததற்கும் கீழே முப்பத்தெட்டு. அப்படியென்றால் நான் சுழி என்று வைத்த காற்றிலேயே முப்பத்தெட்டுப் பங்கு விஷம் இருந்திருக்கிறது. காய்கறிக்காரரின் தட்டில் முன்பே கல் கிடந்திருக்கிறது. ஆலையில் காட்டிய ஒவ்வொரு எண்ணிலும் முப்பத்தெட்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். முப்பத்தொன்று இல்லை, அறுபத்தொன்பது. உலை பாதி எரிந்தபோதே அறுபத்தொன்பது.

அறிக்கையை முந்தின மாலையே அனுப்பியிருந்தேன். மேலாளர் தேவதாசன் சாரிடம் போய் நின்றேன். "அறிக்கை போயாச்சும்மா. இனிமே அதைத் தொட்டா ஆய்வகத்தையே மூடணும். கருவிய சரி பண்ணிட்டு அடுத்த வேலையப் பாரு" என்றார். நான் அடுத்த வேலையைப் பார்த்தேன். வேலைப் பதிவில் 'சுழி: நைட்ரஜன்' என்று என் கையால் எழுதி வைத்திருந்ததையும் அப்படியே விட்டுவிட்டேன். அவர் மேல் பழி போடவில்லை. எழுதிய கை என்னுடையது.

பதினாறாம் நாள் நான் வந்தேன், சுந்தரி. கோவில்பட்டி வரை வந்தேன். சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் விசில் கொடுத்ததும் இறங்கிவிட்டேன். அம்மாவிடம் உன்னைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னேன். ஒரு பொய்யை எழுதிவிட்டால் அதற்குத் துணைக்கு ஆள் தேவைப்படுகிறது.

நீ அவரிடம் என் பெயரைச் சொன்னாய் என்று எழுதியதை வாசித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜெனிபா


சங்கரன்கோவில்
17.12.2024

ஜெனிபா,

அறுபத்தொன்பது. நாள்காட்டியில் அக்டோபர் 22 தாளைக் கிழிக்காமல் வைத்திருந்தேன். அதன் பின்பக்கம் எழுதிவைத்தேன்.

உன் கடிதத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தொழுவத்துப் பக்கம் போனார். திரும்பி வந்து, "அந்தப் புள்ள மறுநாளே சொல்லியிருந்தா, எம்மவன் என்கூட ஆடு பத்திக்கிட்டாவது கெடந்துருப்பாம்லா" என்றார். சாபம் கொடுப்பார் என்று நினைத்தேன், கொடுக்கவில்லை. அதுவே எனக்குத் தாங்கவில்லை.

நீ மறுநாளே தெரிந்துகொண்டாய். ஆகஸ்ட் ஒன்று. அவர் செத்தது அக்டோபர் இருபத்திரண்டு. நடுவில் எத்தனை சாயங்காலம் அவர் சைக்கிளோடு விழுந்தார் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண எண்ண உன்னைத் தூத்துக்குடிக்கே வந்து இழுத்துப்போட்டு அடிக்க வேண்டும் என்று வந்தது. மறைத்து எழுத மாட்டேன், இப்போதும் வருகிறது.

கோமதியை வகுப்பில் ஒருத்தி குடிகாரன் மகள் என்றாளாம். மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. நீ எழுதிய கடிதம் எனக்குப் போதும், ஊருக்குப் போதாது. இதைத் தென்காசி கலெக்டருக்கும், மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் எழுதி, கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பு. நகல் எனக்கு வேண்டும். உன் வேலை போகும். போகட்டும். பொங்கலுக்குள் நகல் வரவில்லை என்றால் உன் ஆய்வகத்து வாசலில் நானும் மாமாவும் கோமதியும் வந்து உட்காருவோம்.

மாமா ஒன்று கேட்கச் சொன்னார். மாடு வாங்கப் போகிறவன் அதன் உடம்பில் உள்ள மயிர்ச் சுழியை நல்ல வெளிச்சத்தில், நாலு பேர் பார்க்கத்தான் பார்ப்பான். சுழி தப்பினால் குடியே கெடும் என்பார். "அந்தப் புள்ள எங்கன நின்னு சுழி பாத்துச்சாம்? ஆலை வாசல்லயா?" என்றார். திறந்தவெளி என்று மட்டும் எழுதியிருக்கிறாய். எந்த இடம்? முப்பத்தெட்டுப் பங்கு விஷம் நிற்கிற திறந்தவெளி நம் ஊரில் எது? ஆலைக்காரர்கள் உன்னை வேண்டுமென்றே அங்கே நிறுத்தினார்களா?

சண்முகசுந்தரி


தூத்துக்குடி
30.12.2024

சுந்தரிக்கு,

சொன்ன இரண்டு இடத்துக்கும் 27ஆம் தேதி பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நகலும் ரசீதும் இத்துடன். அன்று மாலையே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அம்மாவிடம் இப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். கிறிஸ்துமஸ் ஆராதனையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாடியவள், இப்போது என்னோடு அவ்வளவாகப் பேசுவதில்லை. நீ மாரிராஜ் அண்ணனுக்குச் சோற்றை மட்டும் போட்டு வைத்தது மாதிரி அம்மா எனக்குப் போட்டு வைக்கிறாள்.

நகலை வாசிக்கும் முன் இந்தக் கடிதத்தை வாசித்துவிடு. எந்த இடம் என்று அதில் எழுதியிருக்கிறேன். எழுதாமல் விட முடியுமா என்று பார்த்தேன். இடத்தைச் சொல்லாத வாக்குமூலத்தை யாரும் நம்ப மாட்டார்கள். போன கடிதத்தில் மறைத்தேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள அல்ல. ஆனால் எல்லாப் பொய்க்கும் நான் இப்படி ஒரு காரணம் வைத்திருக்கிறேன் என்பதால் நீ நம்ப வேண்டியதில்லை.

ஆலை வாசல் இல்லை. உன் வீட்டு முற்றம்.

காலையில் ஜீப்பை நேராக உன் வீட்டுக்குத்தானே விடச் சொன்னேன். "ஆலைக்காரன் தண்ணிகூடத் தரமாட்டான், இங்கன சாப்பிட்டுட்டுப் போ" என்று முதல் நாளே போனில் சொல்லியிருந்தாய். கோழி அடித்திருந்தாய். கேஸ் அடுப்பில் வைத்தால் ருசி வராது என்று முற்றத்து அடுப்பில் வைத்தாய். முந்தின நாள் சாரலில், விறகுக்கு வைத்திருந்த பருத்திமார் நனைந்து கிடந்தது. மாரிராஜ் அண்ணன் அதை ஒடித்து ஒடித்துக் கொடுத்துக்கொண்டும் ஊதிக்கொண்டும் இருந்தார். ஈர விறகு எரியாமல் புகைந்தால் அந்த வாயு கொட்டும். கருவி சூடேற அரை மணி நேரம் வேண்டும். மின்சாரத்துக்கு வாசல் பக்கம் ஒரே ஒரு பிளக்தான் இருந்தது, அடுப்புக்கு நாலு எட்டுத் தள்ளி. அங்கேயே முக்காலியில் வைத்தேன். புகை மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது. என் கண்ணில் எரிச்சல் இல்லை, அதனால் காற்று சுத்தம் என்று நினைத்தேன். கண்ணுக்குத் தெரியாததை அளக்க வந்தவள் கண்ணை நம்பினேன்.

பொத்தானை அமுக்கும்போது அவர் எழுந்து வந்தார். "என்னக்கா பண்ணுதிய?" என்றார். சுழி வைக்கிறேன் என்றேன். "நாங்க மாட்டுக்குத்தான் சுழி பாப்போம். இதுக்கு எப்படி, நல்ல சுழியா கெட்ட சுழியா?" என்று சிரித்தார். நல்ல சுழிதான் என்றேன். நீ அங்கிருந்து, "ரெண்டு பேரும் பேசுனது போதும், எல போட்டாச்சு" என்று கூப்பிட்டாய்.

அந்த முப்பத்தெட்டு உன் அடுப்பு.

இதில் உன் தப்பு ஒரு துளியும் இல்லை. வீட்டுக்கு வந்தவளுக்குச் சோறு ஆக்கினாய். காலி சிலிண்டர் என்னுடையது, சோம்பல் என்னுடையது, பதிவில் எழுதிய பொய் என்னுடையது. சர்ச்சில் குருவானவர் போன வாரம் கள்ளத் தராசைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். எனக்காகத் தயாரித்தது மாதிரியே இருந்தது. பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

பதில் எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

ஜெனிபா


உ

சங்கரன்கோவில்
5.2.2025

ஜெனிக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. எழுதக் கூடாது என்று இல்லை. முதல் வாரம் உன் கடிதத்தை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. இரண்டாம் வாரம் அந்த அடுப்பை உடைத்துப் போட மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் களிமண் குழைத்துப் போட்டுக் கொடுத்த அடுப்பு. கை வரவில்லை. மூன்றாம் வாரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அன்று நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கோழி வேண்டாம், ரசம் போதும் என்று நீ சொன்னாய். நான்தான் கேட்கவில்லை. கேஸில் வை என்று அவரும் சொன்னார். அதையும் கேட்கவில்லை.

மாமாவிடம் சொன்னேன். அவர் எழுந்து போய் அந்த அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "அப்ப அந்தச் சுழிய நாம எல்லாரும் சேந்துதான் வச்சுருக்கோம்" என்றார். நான் அதை ஒத்துக்கொண்டேன். ஆனால் ஒன்று, ஜெனி. சுழி வைத்ததில் எனக்குப் பங்கு உண்டு. மறுநாள் தெரிந்தும் நீ மூடி வைத்தாயே, அதில் நான் பங்குக்கு வர மாட்டேன். அது உன்னுடையது. நீயே வைத்துக்கொள்.

நகலை நாலு பிரதி எடுத்தேன். ஒன்றைக் கோமதி பள்ளிக்கூடப் பையிலேயே வைத்திருக்கிறாள். யாரிடமும் காட்டுவதில்லை. கையில் இருந்தால் போதும் என்கிறாள்.

ஆலை இன்னும் ஓடுகிறது. அவர் இடத்தில் இசக்கிராஜாவைப் போட்டிருந்தார்கள். போன வாரம் அவன் பெண்டாட்டி கடை முன்னால் நின்று, "தெனமும் குடிச்சுட்டு ஆடிக்கிட்டு வாராரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தறியை விட்டு இறங்கி ஓடினேன். "ஏட்டி, வாய மோந்து பாத்தியா? போய் மோந்து பாரு மொதல்ல" என்று கத்தினேன். அவள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். மறுநாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாராய வாடையே இல்லையாம். இப்போது அவனை வேலைக்கு அனுப்பவில்லை.

அவளிடம் அதைச் சொல்ல எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். இதுதான் நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது. நீ ஒன்றை மறைத்தாய், நானும் ஒன்றை மறைத்தேன்.

சத்தியம் செய்த மறுநாள் சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு வந்தார் என்று எழுதினேன் அல்லவா. அன்று வாசலில் என் முன்னால் வந்து நின்றார். "சுந்தரி, நீ எதையும் நம்ப வேண்டாம். வாய ஊதுதேன், மோந்து பாரு" என்றார். குனிந்து ஊதினார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "மோந்து பாக்க நான் என்ன மெஷினா? அதான் மெஷினே சொல்லிருச்சே" என்றேன். அவர் அப்படியே கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு மூடிக்கொண்டு உள்ளே போனார்.

உன் கருவி தப்பாகச் சொன்னது. சரி. எனக்கு மூக்கு இருந்தது. ஒரு தடவை மூச்சை இழுத்திருந்தால் போதும். காலமெல்லாம் நான் இதை யாரிடம் போய்ச் சொல்வேன்? அதனால் உன்னிடம் சொல்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன், மேலே அந்தக் கறுப்பு அதுதான். ஆனால் இதைச் சொல்ல உன்னைத் தவிர எனக்கு ஆள் இல்லை.

கலெக்டர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பிப்ரவரி 20, வியாழக்கிழமை, ஆலையில் மறுபடி அளக்கப் போகிறார்கள். மதுரையிலிருந்து வேறு ஆட்கள், வேறு கருவி. நீயும் வந்து அன்று எங்கே நின்றாய், எப்படிச் செய்தாய் என்று காட்ட வேண்டுமாம். உனக்கும் கடிதம் வந்திருக்கும். அவர்கள் முதலில் நம் முற்றத்துக்குத்தான் வருவார்கள்.

கோவில்பட்டியில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறு. இந்தத் தடவை இறங்கிவிடாதே. அன்று நம் வீட்டில் அடுப்பு எரியாது.

சுந்தரி